வாய்க்காலைக் காத்த ரோஜாச் செடி

கேளுங்கள், கேளுங்கள். எவ்வளவு பழைய காலம் என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும். அப்போது வேய்நாடு என்ற சிறு நாட்டை இளவேங்கை என்ற அரசன் ஆண்டு வந்தான். அவனுக்கு யானை மேல் ஆசையில்லை, போர் மேல் ஆசையில்லை, பொன் மேலும் ஆசையில்லை.

ஒருநாள் வடதேசத்து வணிகன் ஒருவன் வண்டி நிறைய ரோஜாச் செடிகளைக் கொண்டுவந்து சத்திரத்து வாசலில் இறக்கினான். ஒரு பூவை முகர்ந்தானோ இல்லையோ, அரசனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நூறு செடிகளை வாங்கி அரண்மனைத் தோட்டத்தில் நடச் சொன்னான்.

தோட்டத் தலைவர் மாசிலாமணி விடிந்ததும் தண்ணீர் பாய்ச்சினார். உச்சி வெயிலில் பாய்ச்சினார். அந்தியிலும் பாய்ச்சினார். இலை பழுத்தது, பழுத்த இலை உதிர்ந்தது, இலை உதிர்ந்த கொம்பு கறுத்தது.

"தண்ணீர் போதவில்லை, அரசே. நெசவாளர் தெருவுக்கு ஓடும் வாய்க்காலை இந்தப் பக்கம் திருப்பினால் செடிகள் பிழைக்கும்" என்றார் அவர். அரசனும் சரி என்று தலையசைத்துவிட்டான்.

செய்தி கேட்டுத் தெரு கலங்கியது. குடிக்க, சமைக்க, நூலுக்குச் சாயம் தோய்க்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாய்க்கால்தான்.

அந்தத் தெருவில் திருமலை என்ற நெசவாளியின் மனைவி உலகம்மாள். அவள் பிறந்தது மாந்தோப்புக்காரர் வீட்டில். காட்டுச் செடியின் வேர்த்தண்டில் நல்ல செடியின் கொம்பைப் பொருத்தி ஒட்டுக் கட்டுவதையும், கொம்புகளை நறுக்கிக் கவாத்து செய்வதையும் பார்த்தே வளர்ந்தவள். அவள் நேரே அரசவைக்குப் போய்விட்டாள்.

"மகாராஜா, உங்கள் ரோஜா தாகத்தால் சாகவில்லை. மூன்று வேளையும் பாய்ச்சுகிற தண்ணீரில் மூழ்கிச் சாகிறது" என்றாள்.

அவை திகைத்துப் போனது. அரசன் முகம் சிவந்தான். பிறகு, அவள் நடுங்காமல் நிற்பதைப் பார்த்து யோசித்தான்.

"அப்படியானால் நீயே வளர்த்துக் காட்டு. வணிகனிடம் மிச்சமிருக்கும் செடிகளில் மூன்றை எடுத்துக்கொள். நூறாவது நாள் உன் வீட்டுக்கு வருவேன். அதுவரை வாய்க்காலைத் திருப்ப மாட்டேன். பூ இருந்தால் வாய்க்கால் உங்களுக்கு. இல்லையென்றால் எனக்கு."

தெருவே சத்திரத்துக்குத் திரண்டு போனது. பூத்துக் குலுங்கும் செடிகள் இருந்தன. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகளும் இருந்தன. உலகம்மாள் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து அடித்தண்டையும் வேரையும் பார்த்தாள். முழங்கால் உயரமே இருந்த, தண்டு தடித்து வெள்ளை வேர் நிறைந்த மூன்று மொட்டைச் செடிகளை எடுத்தாள்.

"பூவோடு இருக்கிறதை விட்டுவிட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு வருகிறாளே" என்று தெரு முணுமுணுத்தது.

அவள் காலை வெயில் விழும் கொல்லையில் குழி வெட்டினாள். மண்ணோடு மணலும் மக்கிய சாணமும் கலந்தாள். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அரிசி கழுவிய நீரை வேரில் ஊற்றினாள்.

செடிகள் துளிர்த்தன. தெருவுக்கு மூச்சு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் யாரோ கொல்லை வாசல் படலைச் சாத்த மறந்துவிட, பக்கத்து வீட்டு ஆடு புகுந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டது.

மிஞ்சியவை இரண்டு. மிஞ்சிய நாட்கள் ஐம்பது.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. இரண்டு செடிகளின் அடியிலிருந்தும் பச்சைப் பசேலென்று கொம்புகள் கிளம்பின. ஒரு நாளைக்கு ஒரு சாண் வளர்ந்தன. தெருவே கொல்லையில் கூடிக் கும்மியடித்தது. உலகம்மாள் மட்டும் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு அரிவாளை எடுத்தாள்.

திருமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கென்ன வந்தது? வளர்கிறதை வெட்டுவார்களா?"

"இது ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிற காட்டுக் கொம்பு. இலையைப் பாருங்கள், நிறமே வேறு. சாற்றையெல்லாம் இது குடித்துவிடும். பூக்கிற கொம்பு பட்டினி கிடக்கும்."

"நீ சொல்வது தப்பாக இருந்தால்?"

அவள் நெஞ்சும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தெருவின் தண்ணீர் அவள் அரிவாள் நுனியில் இருந்தது.

அவன் கையை விலக்கிவிட்டு, ஒரு செடியின் காட்டுக் கொம்பை அடியோடு அறுத்தாள். மேலேயிருந்த நல்ல கொம்புகளின் நுனியையும் குறைத்துக் கவாத்து செய்தாள். செடி மறுபடியும் குச்சியானது. அடுத்த செடியைத் தொடப் போனபோது தெரு குறுக்கே நின்றது.

"அதையாவது விட்டுவை, உலகம்மா" என்று கெஞ்சினார்கள். அவள் விட்டுவிட்டாள்.

விட்ட செடி கூரையைத் தொட்டது. வெட்டிய செடி பத்து நாள் அசையவில்லை. வெட்டிய இருபதாம் நாள் செம்பு நிறத்தில் துளிர் விட்டது. முப்பதாம் நாள் நுனியில் மிளகு போல மொட்டு வைத்தது. தறிகள் நின்றன. பொழுது விடிந்தால் எல்லாரும் கொல்லையில்தான்.

நூறாவது நாள் காலை அரசன் வந்தான். கூரை உயரச் செடி முழுக்க முள்ளும் இலையும். ஒரு மொட்டுகூட இல்லை. அதன் அருகே இடுப்பு உயரச் செடியில் ஐந்து ரோஜாக்கள். உள்ளங்கை அகலம். பனி சொட்டச் சொட்ட விரிந்திருந்தன.

அரசன் குனிந்து முகர்ந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"உயர்ந்த செடியில் ஏன் பூ இல்லை?" என்று கேட்டான்.

"நாங்கள்தான் வெட்ட விடவில்லை, மகாராஜா" என்றான் திருமலை, தலையைக் குனிந்தபடி.

உலகம்மாள் காட்டுக் கொம்பு கிளம்பிய இடத்தைக் காட்டி விளக்கினாள். அரசனோடு வந்திருந்த மாசிலாமணி அரண்மனைக்கு ஓடிப்போய் ஒரு செடியைத் தோண்டினார். வேர் அழுகிக் குழைந்திருந்தது. திரும்பி வந்து, "தப்பு என்னுடையது, அம்மா. மிச்சத்தைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்" என்று கைகூப்பினார்.

வாய்க்கால் திரும்பவில்லை. அது மட்டுமா? அரண்மனைத் தோட்டத்தில் வீணாகத் தேங்கிய நீரையும் நெசவாளர் தெருவுக்கே திறந்துவிட்டான் அரசன். உலகம்மாள் மறுநாளே தோட்டத்துக்குப் போனாள். நூறு செடிகளில் முப்பத்தேழு பிழைத்தன.

ஆகவே, கேட்டவர்களே, ஒன்றை நேசிப்பவர் அதற்கு அள்ளிக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் உயிரை உறிஞ்சுவது எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் அதை வெட்டியெறியும் துணிவும் வேண்டும்.