பாதி மீசை மாப்பிள்ளை

அரசர்களுக்கு ஆயுள் குறைவாகவும் அவர்களுடைய சிற்றப்பாக்களுக்கு ஆயுள் அதிகமாகவும் இருந்த ஒரு காலத்தில், கொற்றமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அதன் அரசருக்கு ஏழு கிழட்டுச் சிற்றப்பாக்கள்.

அங்கே தென்னவராயன் என்று ஓர் இளம் பிரபு இருந்தான். இரண்டாவது ராணிக்கு ஒன்றுவிட்ட தம்பி; அரசருக்கு மைத்துனன் முறை. அந்தப் பெருமை நூறு பேருக்குப் போதும். அவனுக்குப் போதவில்லை. ஓடத்துறையில், "நான் அரசருக்குப் பங்காளி" என்றான். கடைவீதியில், "ஒரே ரத்தம்" என்றான். அல்லியங்கோதையைப் பெண் கேட்கப் போன வீட்டில், "அரசர் மூக்கும் என் மூக்கும் ஒன்று" என்றான்.

பெண்ணின் அப்பா மூக்கில் மயங்கிச் சம்மதித்தார். அல்லியங்கோதை அவன் மீசையைப் பார்த்துச் சம்மதித்தாள். அவனுக்கோ அவளைப் பார்த்த நாள் முதல் சோறு இறங்கவில்லை.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மூத்த சிற்றப்பா மண்டையைப் போட்டார். பங்காளிகளுக்குப் பதினாறு நாள் தீட்டு. தலையும் மீசையும் மழிக்க வேண்டும், கல்யாணப் பேச்சே கூடாது. மைத்துனன்மார் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்தது. தென்னவராயன் ஊர் வாய்க்குப் பயந்து பங்காளிகள் வரிசையில் உட்கார்ந்தான். மீசையும் போனது, முகூர்த்தமும் போனது.

மீசை முளைத்தது. வேறு நாள் குறித்தார்கள். இரண்டாவது சிற்றப்பா போனார். மறுபடியும் உட்கார்ந்தான், மறுபடியும் மழித்தான், ஓவென்று அழுதான். அது பொய்யழுகை இல்லை. கல்யாணத்தை நினைத்து அழுதது.

"மாப்பிள்ளை, மூன்றாவது முகூர்த்தமும் தவறினால் பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிடுவேன்" என்றார் பெண்ணின் அப்பா.

மீசை மறுபடியும் முளைத்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மூன்றாவது சிற்றப்பா போனார். நல்ல மனிதர்தான், ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

ஆற்றங்கரையில் நாவிதர் கத்தியைத் தீட்டினார். வலப்பக்க மீசை விழுந்தது. கத்தி இடப்பக்கம் வந்ததும் தென்னவராயன் துள்ளி எழுந்தான்.

"நான் பங்காளியே இல்லை! வெறும் மைத்துனன்! சொன்னதெல்லாம் பொய்!"

அரசர் தம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்னைவிடச் சத்தமாக அழுகிறவன் யார் என்று எனக்கும் இரண்டு சாவாகச் சந்தேகம்தான்" என்றார். "போ மைத்துனா, முழுகிவிட்டுப் போய்த் தாலி கட்டு."

சேதி கேட்டுப் பெண்ணின் அப்பா குதித்தார். "அரசர் பங்காளி என்றுதானே பெண் கொடுக்கச் சம்மதித்தேன்!"

"பங்காளியென்றால் இன்னும் நாலு சிற்றப்பா மிச்சம் இருக்கிறார்களே அப்பா!" என்றாள் அல்லியங்கோதை. "மைத்துனனே போதும்."

மறுநாள் மணவறையில் அவன் வெட்கத்தோடு அவள் காதில் கேட்டான்: "மிச்ச மீசையையும் எடுத்துவிட்டு வரட்டுமா?"

"எடுத்தால் மறுபடியும் பங்காளி ஆகிவிடுவீர்கள். இருக்கட்டும்" என்றாள் அவள்.

பாதி மீசையோடுதான் தாலி கட்டினான்.

ஆகவே மக்களே, இல்லாத உறவைச் சொல்லிப் பெருமை தேடுகிறவன் அந்த உறவின் இழவையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.