டிவிடிக்குத் தட்டு மாற்றிய கதை

மந்தமங்கலத்துக்காரர்கள் மழை வந்தால், குடை நனைந்துவிடும் என்று அதை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் யோசனைக்குப் பேர் போனவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் ஆண்டியப்பன், நடுவில் சொக்கலிங்கம், கடைசி காத்தமுத்து. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வரச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் ஒழுங்காகப் போனார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். பார்க்கத்தானே கூப்பிட்டார்கள்?

அவர்களுக்கு ஒரே தங்கை, செவந்தி. அந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தால் அது தன்னிடம்தான் இருக்கிறது என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். அவளுக்கு மட்டும் எப்படியோ கல்யாணம் கூடி வந்து, பக்கத்து ஊரான சோலைக்காட்டுக்கு வாழப் போனாள். புருஷன் தெய்வேந்திரன் வாயில்லாப் பூச்சி. ஆனால் தினமும் சாயங்காலம் கடலை உருண்டை வாங்கி வந்து, அம்மா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துச் செவந்தியின் கையில் திணிப்பான். அது போதும் என்றுதான் அவள் இருந்தாள்.

அதற்குள் மாலைச் சண்டை வந்துவிட்டது. மாமியார் அங்கம்மாளுக்கு ஒரு தம்பி, மூக்கையா. மாப்பிள்ளையின் தாய்மாமனான தனக்குக் கல்யாணத்தன்று யாரும் மாலை போடவில்லை என்று அவர் கிளப்பினார். போட்டோம் என்று அண்ணன்கள் சத்தியம் செய்தார்கள். மாலை போட்டதாகச் சொன்ன நேரத்தில் பந்தியில் இருந்துவிட்ட அங்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

"எந்தம்பி கழுத்துல மாலை விழுந்ததை எங்கண்ணால பார்க்கணும். பார்க்கிற வரைக்கும் நீ உங்க அண்ணமாரு வீட்டுலயே இருடியம்மா."

செவந்தி பெட்டியோடு மந்தமங்கலத்துக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் அதை ஐந்து டிவிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரே சமயத்தில் ஐந்தையும் விழுங்குகிற பிளேயர் ஒன்று டவுனில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அண்ணன்கள் அதைச் சுமந்து வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் படம் பார்க்க வருவதாக ஏற்பாடு. படத்தில் மாலை விழ வேண்டும். இல்லையென்றால் கடலை உருண்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

வாங்கி வந்த முதல் நாளே, பிளேயர் விற்ற கடைக்காரர் போனில் வழி சொன்னார்.

"பட்டனை அமுக்குங்க. தட்டு வெளிய வருதா?"

வந்தது. பெரிய வட்டத் தட்டு, அதில் ஐந்து பள்ளம்.

"பணியாரச் சட்டிண்ணே இது!" என்றான் காத்தமுத்து.

"எழுத்து மேல பார்க்கிற மாதிரி வைங்க," என்றார் கடைக்காரர்.

வைத்தார்கள். சொக்கலிங்கம் அண்ணாந்து பார்த்தார். மேலே உத்தரமும் ஒரு பல்லியும்தான் இருந்தன.

"பாவம், எழுத்து மேல பார்க்குது. பார்க்க அங்க என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்றைப் படம் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். பல்லி இடத்தை மாற்றிக்கொண்டது. படம் மட்டும் வரவில்லை.

"தூசியா இருக்கும். டிஸ்க்கைக் கழுவித் துடைச்சுப் போடுங்க. சோப்பு மட்டும் போட்டுடாதீங்க," என்றார் கடைக்காரர்.

செவந்தி குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது, அவள் கல்யாணம் ஐந்தும் முற்றத்தில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சீயக்காய் வாசனை தெரு வரைக்கும் அடித்தது.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சோப்புத்தானே ஆகாதுன்னாரு? சீயக்காய்க்கு அவரு ஒண்ணும் சொல்லலையே," என்றார் ஆண்டியப்பன். தலை துவட்டுகிற துண்டால் ஒவ்வொன்றையும் துவட்டி, சாம்பிராணிப் புகையும் காட்டித்தான் உள்ளே அனுப்பினார்.

பிளேயர் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"தலை சுத்துது போல," என்றான் காத்தமுத்து. ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தான். சுற்றுவது நின்றது. மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. மறுபடி தொடங்க வைக்கத்தான் முடியவில்லை.

அடுத்த போனில் கடைக்காரர், "கரண்டைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் அதைச் சும்மா விடுங்க," என்றார்.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்றார் ஆண்டியப்பன். "அதைச் சும்மா விடணும். யாரும் அதைப் பார்க்கக்கூடாது, ஒரு சொல் சொல்லக்கூடாது." அடுப்பில் குழம்பு கொதிக்க, செவந்தியையும் இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினார்கள். குழம்பு தீய்ந்தது.

"பாழாப்போன டப்பா! நான் அதைச் சும்மா விடமாட்டேன்!" என்று செவந்தி கத்தினாள்.

"போச்சு," என்றார் சொக்கலிங்கம் வருத்தத்தோடு. "இவ ஒருத்தி சும்மா விடமாட்டேங்கிறா. பின்ன எப்படி ஓடும்?"

இப்படியே வெள்ளிக்கிழமை விடிந்தது. தட்டு பாதி வெளியே வந்து, நாக்கை நீட்டியபடி நின்றுவிட்டது. மாலை போட்ட காட்சி இருந்த டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டது. ஆண்டியப்பன் கடைசியாக ஒரு முறை போன் போட்டார். கடைக்காரர் அந்த வாரத்தில் பொறுமையின் எல்லைவரை போயிருந்தார்.

"அய்யா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். இனிமே ஒண்ணும் பண்ணாதீங்க. தட்டு மாத்தணும். தட்டு மாத்தினாத்தான் ஓடும்!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆண்டியப்பன் மெதுவாகத் திரும்பினார்.

"கேட்டீங்களா? இத்தனை நாளா யாருக்கும் தோணலையே. தட்டே மாத்தாம நாம பாட்டுக்குக் குடும்பம் நடத்தச் சொல்லியிருக்கோம்."

"அண்ணே, அவர் சொன்னது அந்தத் தட்டு இல்லே..." என்று செவந்தி ஆரம்பித்தாள்.

"தட்டுல என்ன இந்தத் தட்டு, அந்தத் தட்டு? உனக்கு நிச்சயம் பண்ணின அன்னிக்கு நாலு பேர் முன்னால தட்டு மாத்தினோமா இல்லியா? அப்புறந்தானே உன் குடும்பம் ஓடுச்சு?"

"ஓடி, திரும்பி வந்துருச்சு," என்றான் காத்தமுத்து.

"நீ வாயை மூடு. இப்ப யாருக்கும் யாருக்கும் மாத்தறது?"

சொக்கலிங்கம் தாடையைத் தடவினார். "பிளேயர் யாரோட சேரணும்? டிவியோட. அப்ப அதுங்க ரெண்டுக்கும்தான்."

"யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?"

"டிவி அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுல வளருது. நம்ம வீட்டுப் பொண்ணு. பிளேயர் வெளியூர்லேர்ந்து வந்து இங்கயே உக்காந்து தின்னுது. வீட்டோட மாப்பிள்ளை."

காத்தமுத்து இரண்டுக்கும் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு அலறினான்.

"அண்ணே! குடி கெட்டது! மூணு வயர் போட்டு முடிஞ்சு வெச்சிருக்கோம். ஒண்ணு மஞ்சள்!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் ஒன்று, குங்குமச் சிவப்பு ஒன்று, திருநீற்று வெள்ளை ஒன்று.

"மூணு முடிச்சு," என்றார் சொக்கலிங்கம், குரல் நடுங்க. "நிச்சயம் பண்றதுக்கு முன்னாலயே முடிச்சுப் போட்டுட்டோம். அதான் வாய் திறந்து பேச மாட்டேங்குது. மானமுள்ள சாதி."

உடனே மூன்று வயரையும் கழற்றினார்கள். பிளேயரைக் கூடத்தின் அடுத்த மூலைக்குக் கொண்டுபோனார்கள். கல்யாணம் ஆகும்வரை இரண்டும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக்கூடாதாம். டிவியின் மேல் செவந்தியின் பட்டுப்பாவாடையைப் போர்த்தி, அதற்கு மேல் இரண்டு முழம் மல்லிகையையும் வைத்தார்கள்.

சம்பந்தி வீட்டார் வரும் நேரம் நெருங்கிவிட்டது. செவந்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நாலு கேள்வி கேட்கத்தான் வந்தாள். ஆண்டியப்பன் தரையில் உட்கார்ந்து, இரண்டு பித்தளைத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மீசை பாதி நரைத்திருந்தது. அதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"எனக்குத்தான் மாத்த ஆளில்லாமப் போச்சு, செவந்தி," என்றார் நிமிராமல். "இதுக்காவது காலாகாலத்துல நடக்கட்டும்."

அவள் போய் வெற்றிலையை எடுத்து வந்து, காம்பு கிள்ளித் தட்டில் அடுக்கினாள். வாழைப்பழம், பாக்கு, தேங்காய், மஞ்சள் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்து முடிப்பதற்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

முதலில் அங்கம்மாள் வந்தாள். பின்னால் மூக்கையா, மாலை விழாத கழுத்தைச் சற்று நீட்டியபடியே வந்தார். கடைசியில் தெய்வேந்திரன். அவன் சட்டைப் பையில் உருண்டையாக ஏதோ புடைத்திருந்தது. செவந்தி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கம்மாள் கூடத்தைப் பார்த்தாள். பூ வைத்த டிவியைப் பார்த்தாள். சந்தனம் தடவிய பிளேயரைப் பார்த்தாள்.

"என்ன விசேஷம்?"

"நிச்சயம், சம்பந்தியம்மா," என்றார் ஆண்டியப்பன் கைகூப்பி. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மாப்பிள்ளைப் பக்கம் நிக்க ஆளில்லாம முழிச்சுக்கிட்டிருந்தோம்."

செவந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தாள். அங்கம்மாள் வெடிக்கவில்லை.

"மாப்பிள்ளைப் பக்கம்னா நாங்க நிப்போம். நாங்க எப்பவும் மாப்பிள்ளைப் பக்கந்தான்," என்று சொல்லிவிட்டு, பிளேயருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஜாதகம் பார்த்தீங்களா?"

"கேரண்டி கார்டு இருக்கு."

"போதும். பையன் ஒரு வேளைக்கு எத்தனை சாப்பிடுவான்?"

"அஞ்சு."

"ஆரோக்கியமான பையன்," என்றாள் அங்கம்மாள்.

தட்டுகளைக் கையில் எடுத்தாயிற்று. அப்போதுதான் சொக்கலிங்கம் ஆட்காட்டி விரலைத் தூக்கி ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வேணுமே. தாய்மாமன் இல்லாம எப்படி?"

மூக்கையா தொண்டையைக் கனைத்தார். ஒரு காலை முன்னால் வைத்தார்.

"நான் இருக்கேன்," என்றார்.

காத்தமுத்து பூக்கடைக்கு ஓடி, ஆள் உயர ரோஜா மாலையோடு திரும்பினான். ஆண்டியப்பன் அதை வாங்கி, அங்கம்மாளின் கண்ணுக்கு நேராக, மூக்கையாவின் கழுத்தில் போட்டார். மூக்கையாவுக்கு மீசை துடித்தது. கண்ணில் நீர் முட்டியது. கன்னத்தில் ஒட்டிய ரோஜா இதழைக்கூட அவர் எடுக்கவில்லை.

"பார்த்தியாக்கா?"

"பார்த்தேண்டா. எங்கண்ணால பார்த்தேன்." அங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். பிறகு செவந்தியைப் பார்த்தாள். "என்னடி நிக்கறே? போய்த் துணிமணியை எடுத்து வை. வீட்டுக்குப் போகலாம்."

தட்டு மாறியது. தெய்வேந்திரனின் கையும் செவந்தியின் கையும் கதவுக்குப் பின்னால் ஒரு கணம் சேர்ந்தன. கடலை உருண்டையும் கை மாறியது.

கிளம்பும்போது மூக்கையா பிளேயரை இரு கையாலும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"நிச்சயம் ஆன பையனைப் பொண்ணு வீட்டுல விட்டுட்டுப் போற வழக்கம் எங்கள்ல கிடையாது. கல்யாணம் வரைக்கும் தாய்மாமன் வீட்டுல இருக்கட்டும்."

பேருந்து நிறுத்தம்வரை அண்ணன்கள் கூடவே வந்து வழியனுப்பினார்கள். காத்தமுத்து விம்மி விம்மி அழுதான். தங்கைக்காக அழுகிறான் என்று செவந்தி அவன் தலையைத் தடவப் போனாள். அவன் பிளேயரின் தட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

பேருந்தில் ஜன்னலோரம் மாப்பிள்ளைக்கு. பக்கத்தில் மாலையோடு மூக்கையா. கண்டக்டர் வந்தார். அவரும் மந்தமங்கலத்துக்காரர்தான்.

"ஜன்னலோரம் யாரு?"

"மாப்பிள்ளை. இன்னிக்குத்தான் நிச்சயம் ஆச்சு," என்றார் மூக்கையா.

"முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா? வயசு என்ன?"

டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கலாமே என்று செவந்தி முந்திக்கொண்டாள். "வந்து ஒரு வாரம்தாங்க ஆகுது."

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். பேருந்து நடுரோட்டில் நின்றது.

"ஒரு வாரப் பிள்ளைக்கு நிச்சயமா? குழந்தைக் கல்யாணம் பெரிய குத்தம்யா! பையனுக்கு இருபத்தோரு வயசு முடியணும். போலீசு வந்தா டிரைவரையும் சேர்த்துல்ல பிடிச்சுக்கிட்டுப் போவாங்க!"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பயணிகள் எல்லாரும் பிளேயரைப் பார்த்தார்கள். அங்கம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, தெரியாம மாத்திட்டோமே! இருபத்தோரு வயசு வரைக்கும் பையனை நாம வளர்த்துடலாம். அந்தப் பொண்ணு? அத்தனை வருஷம் அது எப்படி மூலையில உக்காந்து காத்திருக்கும்?"

செவந்தி வாயிலிருந்த கடலை உருண்டையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். பிளேயரை வாங்கித் தன் மடியில் வைத்து, தொங்கிய வயரைச் சுருட்டி அதன் பக்கத்தில் செருகினாள்.

"நீங்க கவலைப்படாதீங்க அத்தே. அந்த டிவியில இப்ப ஒரு சீரியல் ஓடுது. அது முடியறதுக்குள்ள இவனுக்கு இருபத்தொண்ணு ஆயிடும்."