கிணற்றடிக் காவல்

மலையடிவார ஆசிரமம் ஒன்றில் குருவாக இருந்தவர் ஒரு பெண். நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் மாசிலாமணி. போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கிணற்றடி முருங்கையின் பொந்தில் குண்டுக்கரிச்சான் குருவி ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. விடியலில் ஆண் பறவை பாடும். அதைக் கேட்டுத்தான் ஆசிரமம் எழும். போன முறை, வெளியே வந்த குஞ்சுகளை ஒன்று விடாமல் காகம் தூக்கிப் போய்விட்டது. அதன்பிறகு வெகுநாள் பாட்டே இல்லை.

இந்த முறை மாசிலாமணி பொறுப்பேற்றார். மைனாக்கள் பொந்தைப் பிடுங்கிக்கொள்ள வந்தன. அவை நுழைய முடியாதபடி பொந்தின் வாயைக் களிமண்ணால் சுருக்கினார். பூனை ஏறாமலிருக்க அடிமரத்தில் தகரம் சுற்றினார். பிறகு கையில் கம்போடு, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மந்திரி யாராவது வருகிறாரா, ஏட்டையா?" என்று சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவர் பொந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குஞ்சுகள் தலை நீட்டத் தொடங்கின. காகம் மதில்மேல் வந்து உட்கார்ந்தது. விரட்டினார். திரும்ப வந்தது. மறுபடி விரட்டினார். மறுபடி வந்தது.

குருவிடம் போனார்.

"அம்மா, மைனாவை நிறுத்திவிட்டேன். பூனையை நிறுத்திவிட்டேன். இந்தக் காகத்துக்கு மட்டும் யார் துப்புக் கொடுக்கிறார்கள்?"

குரு கேட்டார்:

"வாசல் மாமரத்திலும் ஒரு பொந்து இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா?"

"அது காலிப் பொந்து, அம்மா."

"இன்று அதற்குக் காவல் இருங்கள்."

"நான் இல்லாத நேரத்தில் குஞ்சுகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"கிணற்றடிக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். முருங்கையை எப்படிப் பார்த்தீர்களோ, அப்படியே மாமரத்தைப் பாருங்கள்."

மனமில்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதியத்துக்கு மேல் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா! காகம் அங்கே வந்துவிட்டது! கிளை கிளையாகத் தாவுகிறது. பொந்துக்குள் தலையை விட்டுப் பார்க்கிறது!"

"அப்படியா?"

"அங்கே கூடே இல்லையே! எதைப் பார்த்து வந்தது?"

குரு ஜன்னலைக் காட்டினார். கிணற்றடி மதில் வெறுமையாக இருந்தது. வாயில் வெட்டுக்கிளியோடு தாய்க் கரிச்சான் முருங்கைப் பொந்துக்குள் நுழைந்தது.

"கூடு இல்லைதான். காவல் இருந்ததே," என்றார் குரு. "சீக்கிரம் போய் உட்காருங்கள், ஏட்டையா. நீங்கள் எழுந்து வந்ததைக் காகம் பார்த்திருக்கும்."