அடுத்த ஆளுக்கு வராத அழுகை

“என் பிள்ளையைப் புதைச்ச மண்ணு இன்னும் ஈரம் காயலை, அதுக்குள்ள இவ கண்ணு காஞ்சு போச்சு. இவளை அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடறேன் சிஸ்டர்.”

காலையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னதைத்தான் ஜசிந்தா இப்போது சிஸ்டர் லியோனிலாவிடமும் சொன்னாள், ஒரு சொல் கூடாமல் குறையாமல். மருமகள் அமலி அதே சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழட்டும் என்றுதான் சொன்னது.

“அனுப்பறதுன்னா இன்னிக்கே அனுப்பிடுங்க அத்தை,” என்றாள் அமலி, திரும்பாமல். “சாயங்காலம் பஸ் இருக்கு.”

“பார்த்தீங்களா? வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்ல.”

சிஸ்டர் லியோனிலா நர்சிங் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துபவர். ஜசிந்தா அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். தவளையை மேசையில் எடுத்து வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டுக் கேட்டு, அவரையே குருவாக வரித்துக்கொண்டவள். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சிஷ்யை. எதைக் கேட்டாலும் இந்த சிஸ்டர் நேராகப் பதில் சொல்வதில்லை என்பது அவளுடைய தீராத மனத்தாங்கல்.

ஒரே மகன் எட்வின் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அந்தத் தெருவில் ஒரு முறை உண்டு. துக்கத்துக்கு வருகிறவள் வாசலிலேயே குரலெடுத்துக்கொண்டு வருவாள். வீட்டுப் பெண்கள் எழுந்துபோய்க் கட்டிக்கொண்டு கூடவே அழ வேண்டும். வந்தவள் மூக்கைச் சிந்திவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவாள். வீட்டுக்காரிக்கு அதற்குள் அடுத்தவள் வந்திருப்பாள்.

அமலி முதலில் வந்த பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு, பிடித்து நிறுத்த முடியாதபடி கதறினாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் முன்னால் மரக்கட்டையாக நின்றாள். ஜசிந்தா விட்டாளா? இடுப்பைக் கிள்ளினாள். “அழுடி, நாலு பேர் பார்க்கறாங்க” என்று முதுகில் இடித்தாள். ஒன்றும் வரவில்லை.

ஜசிந்தா மட்டும் நிறுத்தவேயில்லை. கஞ்சி இறங்கவில்லை. படுத்தாலும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

“முதல் ஆளுக்கு வந்த அழுகை அடுத்த ஆளுக்கு ஏன் வரலை சிஸ்டர்? அப்ப அதுவும் நடிப்புதானே?”

கழுவுத்தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்தது. சிஸ்டர் எழுந்தார். அலமாரியில் இருந்த பூச்சிமருந்தை எடுத்து அதன்மேல் அடித்தார்.

“பூச்சியை நான் பார்த்துக்கறேன். நீங்க நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க,” என்றாள் ஜசிந்தா.

“பாருங்க.”

பூச்சி ஓடியது, வட்டமடித்தது, மல்லாந்து விழுந்தது. ஆறு காலும் வெடவெடவென்று உதறின.

“இது எதனால சாகுது, ஜசிந்தாம்மா?”

“விஷத்தால.”

“விஷம் என்ன பண்ணுது?”

ஜசிந்தா குனிந்து பூச்சியைப் பார்த்தாள்.

“பாடத்துல தூங்கிட்டீங்க.”

“தூங்கலை. நரம்புல வாசல் வாசலா இருக்குன்னீங்க. சேதி வந்தா திறக்கும், சோடியம் உள்ளே பாயும்னீங்க.”

“அப்புறம்?”

“மூடிக்கும்.”

“யார் மூடறது?”

சிஸ்டர் அமலிக்குப் பக்கத்தில் போய், தொட்டியில் சங்கிலியோடு கிடந்த ரப்பர் அடைப்பானைத் தூக்கிக் காட்டினார்.

“இந்த மாதிரி ஒண்ணு. அந்த வாசலோட உடம்புலயே, உள்பக்கமா தொங்கிட்டிருக்கும். வாசல் திறந்த கையோட தானே வந்து அடைச்சுக்கும். யாரும் சொல்ல வேண்டாம்.”

“மறுபடி தட்டினா?”

“திறக்காது.”

“பலமா தட்டினா?”

“தட்டிக்கிட்டே இருந்தா அடைப்பு விலகவே விலகாது. தட்டறதை விடணும். நரம்பு அடங்கணும். அடங்கினா அது தானா விலகும். அப்புறம்தான் அடுத்த சேதிக்கு வாசல் திறக்கும்.”

அமலி குழாயை நிறுத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவள் இடுப்பில், புடவைக் கட்டுக்கு மேலே, கன்றிப்போன தடம் ஒன்று தெரிந்தது. ஜசிந்தா தன் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

தரையில் கால்கள் இன்னும் உதறிக்கொண்டிருந்தன.

“இதுக்கு ஏன் இன்னும் அடங்கலை?”

“அந்த அடைப்பை விஷம் விழ விடலை. திறந்த வாசல் திறந்தபடியே கிடக்கு. ஒரே சேதி திரும்பத் திரும்ப ஓடுது.”

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“உதறி ஓயற வரைக்கும்.”

“ஓஞ்சா?”

சிஸ்டர் பூச்சிமருந்தை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு, ஜசிந்தாம்மா?”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. “ஐயோ ஜசிந்தா, என் ராசா எங்கேடி” என்று ஒரு குரல் தெருவிலிருந்தே எழுந்தது. யாரென்று தெரிவதற்கு முன்பே ஜசிந்தாவின் வாய் திறந்துகொண்டது. அவள் சமையல் மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாசலுக்குப் போகவில்லை.

அமலி கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா வீட்டுக்கெல்லாம் வேண்டாம் அமலி,” என்றாள் ஜசிந்தா அந்த முதுகிடம். “இங்கேயே இரும்மா.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.