அஞ்சலி போஸ்டரில் குண்டெழுத்து

"டீச்சர், என் எழுத்தைத் திரும்ப எடுத்துக்கப் போறேன்" என்றார் தனுஷ்கோடி.

பூங்கோதை கணினித் திரையில் ஒரு 'ழ'வின் வாலை வளைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மதுரையில் எழுத்துரு வரையக் கற்றுக்கொடுப்பவர் அவர். தனுஷ்கோடியைவிடப் பத்து வயது இளையவர். ஐம்பது வயதில் கற்க வந்த தனுஷ்கோடிக்கு அதில் வெட்கம் ஏதும் இல்லை. வெட்கமெல்லாம் இப்போது வேறு விஷயத்தில்.

"என்னாச்சுண்ணே?"

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்டுட்டாங்க டீச்சர். தெரு முழுக்க ஒட்டியிருக்கு."

பாவம், மனிதர் உயிரைக் கொடுத்து வரைந்த எழுத்து. தடித்த கோடு. எங்கேயும் கூர் கிடையாது. ஒவ்வொரு முனையும் கட்டைவிரல் நுனிபோல உருண்டிருக்கும். சின்னதாகப் போட்டால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். பெரிதாகப் போட்டால் தெருக்கோடியிலிருந்தே ஆளைக் கூப்பிடும். ஐஸ்கிரீம் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் ஆகட்டும் என்று வரைந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என இணையத்தில் போட்டிருந்தார்.

"சாவு வீட்ல போய்ச் சிரிக்குது டீச்சர். மானமே போச்சு. இன்னைக்கே இணையத்துலேர்ந்து தூக்கிடுறேன்."

"போஸ்டரை நல்லாப் பாத்தீங்களா?"

"பாக்காம? அரை மணி நேரம் நின்னு பாத்தேன். வரிக்கு வரி இடைவெளி பத்தல. கொம்பு பக்கத்து எழுத்தை இடிக்குது. ஓரத்துல..."

"செத்தது யாரு?"

 

அரை மணி நேரம் பார்த்தவர் பெயரைப் படிக்கவில்லை.

பூங்கோதை தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

தனுஷ்கோடி மறுபடி போஸ்டர் முன்னால் போய் நின்று, இந்த முறை படித்தார். சோலைமலை, மினி பஸ் கண்டக்டர். கீழே தெருப் பெயரும் இருந்தது. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் மனசு ஆறும் என்று நடந்தார்.

அங்கே அழுகை ஓய்ந்திருந்தது. யாரோ இறந்தவரைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சோலைமலையின் மனைவி செவ்வந்தி நாற்காலி எடுத்துப் போட்டார்.

"போஸ்டர்ல இருக்கிற எழுத்து நான் வரைஞ்சதும்மா. துக்கத்துக்கு ஆகாத எழுத்து. தப்பா நினைச்சுக்காதீங்க."

"எங்க கொழுந்தனாரும் அதைத்தான் சொன்னாரு. ஒரே சண்டை" என்றார் செவ்வந்தி. "பிரஸ்ல கம்ப்யூட்டர்ல அவரு பேரை விதவிதமாப் போட்டுக் காட்டுனாங்க. எதுவும் அவரு மாதிரி இல்ல. இதைப் போட்டதும் என் மக 'அப்பா'ன்னு கத்திட்டா."

தனுஷ்கோடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவருக்குக் குரல் பெருசுங்க. பஸ்ஸு தெருமுனையில வரும்போதே வீட்டுக்குள்ள கேக்கும். ஆனா ஒருத்தர் மனசு நோக ஒரு வார்த்தை பேசுனதில்ல."

தனுஷ்கோடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் எழுத்துக்கு இவ்வளவு பெரிய பாராட்டை அவர் கேட்டதே இல்லை.

"உங்களுக்கு அவரு ரொம்ப நாள் பழக்கமா?"

"இல்லம்மா. நான் அவரைப் பாத்ததே இல்ல."

செவ்வந்தி நம்பவில்லை.

"பாக்காமலா இப்படி வரைஞ்சீங்க?"