முத்திரை குத்தின வெள்ளரிக்கா

கடலோரக் காட்டுக்கு ஒரு கரடிதான் ராஜா. ஓணான் மந்திரி. ராஜா எது சொன்னாலும் ஓணான் தலையாட்டும். ஒண்ணும் சொல்லாட்டியும் ஆட்டும். பழக்கதோஷம்!

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு. அங்க நல்லதண்ணி ஊத்து ஒண்ணே ஒண்ணுதான். அது யாருக்குன்னு காட்டுப்பன்னிங்களுக்கும் குரங்குங்களுக்கும் சண்டை. பன்னிங்க பல்லால குத்துச்சுங்க. குரங்குங்க மரத்து மேலருந்து கல்லெறிஞ்சுதுங்க. நடுவுல மாட்டினது முயலுங்க. அதுங்களுக்குக் குத்தவும் தெரியாது, எறியவும் தெரியாது. வளைக்குள்ளயே சுருண்டு கிடந்துச்சுங்க. தண்ணி குடிக்க ஊத்துப் பக்கம் போன முயல் ஒண்ணுகூடத் திரும்பி வரல.

சேதி தெரிஞ்ச மறுநாளும் கரடி ராஜா சபையைக் கூட்டுச்சு.

"நாம உடனே கவலை தெரிவிக்கணும்!"

"நேத்தே தெரிவிச்சாச்சு ராஜா!"ன்னுச்சு ஓணான்.

"அப்ப இன்னைக்கு?"

"ஆழ்ந்த கவலை தெரிவிக்கலாம்!"

"பேஷ்! நாளைக்கும் சண்டை நடந்தா?"

"இன்னும் கொஞ்சம் ஆழமா இறங்கலாம் ராஜா!"

சபையில ஓரமா நின்ன நீர்க்காகத்துக்குப் பொறுக்கல. ராஜாவோட தூதர் அதுதான். பறக்கும், முங்கும், எவன்கிட்டயும் பேசும். அன்னைக்குக் காலைலதான் தீவுக்குப் போயிட்டு வந்திருந்துச்சு.

"ராஜா, அங்க ஒரு தாய் முயலைப் பார்த்தேன். வளைக்குள்ள மூணு குட்டி. ரெண்டு நாளாத் தண்ணி இல்ல. 'எப்பக்கா வருவீங்க?'ன்னு கேட்டுச்சு. 'உனக்கு எத்தனை குட்டிம்மா?'ன்னேன். 'நாளைக்கு வந்தா மூணு. அதுக்கப்புறம் வந்தா எத்தனைன்னு சொல்ல முடியாது'ன்னுச்சு."

ஓணான் தலை வழக்கம்போல ஆடிக்கிட்டே இருந்துச்சு. கரடி கண்ணைத் துடைச்சுக்கிச்சு. நெசமாவே அழுதுச்சு. அது ஒண்ணும் கெட்ட ராஜா இல்ல.

"நம்ம தோட்டத்துல நூறு வெள்ளரிக்கா காய்ச்சுக் கிடக்கு. தின்னாத் தீனி, கடிச்சாத் தண்ணி. கடலாமைங்க முதுகுல ஏத்தி அனுப்புங்க! வரும்போது குட்டிங்களை அதே முதுகுல ஏத்திட்டு வாங்க!"

"கரையில இறங்க விடமாட்டானுங்க ராஜா. முதல்ல சண்டை நிக்கணும்"ன்னுச்சு நீர்க்காகம்.

"நிறுத்திட்டு வா!"

"ஏதோ கடைக்குப் போயி உப்பு வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி சொல்றாரே"ன்னு முணுமுணுத்துக்கிட்டே நீர்க்காகம் பறந்துச்சு.

முதல்ல பன்னித் தலைவன்கிட்ட போச்சு.

"நிறுத்துறதா? முதல்ல அந்தக் குரங்கு நிறுத்தட்டும்!"

அப்புறம் குரங்குத் தலைவன்கிட்ட போச்சு.

"நிறுத்துறதா? முதல்ல அந்தப் பன்னி நிறுத்தட்டும்!"

நாலு தடவை போச்சு, வந்துச்சு. ரெக்கை வலிதான் மிச்சம். அஞ்சாவது தடவை பேச்சை மாத்துச்சு.

"அண்ணே, நீங்க நிறுத்தவே வேணாம்!"ன்னுச்சு பன்னிகிட்ட. "உங்க பல்லைப் பாருங்க, மழுங்கிப் போயிருக்கு. நாளைக்கு விடிஞ்சதுலருந்து சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும் உக்காந்து தீட்டுங்க. அது சண்டை நிறுத்தமா? இல்லவே இல்ல. சண்டை வேலைதான்!"

பன்னி யோசிச்சுது. "அதுவும் சரிதான். உச்சி வரைக்கும். அதுக்கு மேல ஒரு இமைப்பொழுதும் இல்ல!"

குரங்குகிட்டயும் அதே பேச்சு. "உங்ககிட்ட கல்லு தீர்ந்துபோச்சுண்ணே. நாளைக்கு உச்சி வரைக்கும் பொறுக்குங்க!"

"சரி. உச்சி வரைக்கும் பொறுக்குறோம்!"

ரெண்டு பேருக்கும் கௌரவம் குறையல. ஆனா நீர்க்காகம் கணக்குப் போட்டுப் பார்த்துச்சு. உச்சிக்கு அப்புறம் பல்லு கூரா இருக்கும், கல்லு குவியலா இருக்கும். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும்.

நேரா முயல் வளைக்குப் போச்சு. "தங்கச்சி, நாளைக்கு விடிஞ்சதும் குட்டிங்களோட கரைக்கு வந்துடு. எல்லா முயலையும் கூட்டிட்டு வா. ஊத்தைச் சுத்திப் பன்னிங்க உக்காந்திருக்கும், அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க. கரையில உச்சி வரைக்கும் ஒருத்தரும் உங்களைத் தொடமாட்டாங்க."

"அது வெட்டவெளியாச்சேக்கா! நெசமா வருவீங்களா?"

"நான் சொல்றேன்ல. வருவோம்."

மறுநாள் விடிஞ்சுது. காட்டுக் கரையில ஆமைங்க வரிசையா நின்னுச்சுங்க. வெள்ளரிக்காயை வாழைநாரால கட்ட எல்லாம் தயார்.

"இப்பவே கிளம்பினாப் பாதிக் காலையில அங்க இருப்போம். மீதிக் காலையில குட்டிங்களோட திரும்பிடுவோம்"ன்னுச்சு மூத்த ஆமை. "சரியா இருக்கும். மூச்சு விடத்தான் நேரம் இருக்காது."

"ஒரு நிமிஷம்!"ன்னு ஓணான் குறுக்க வந்துச்சு. "ராஜா, இதை அனுப்புனது யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், வாயில்லையா? ஆமை சொல்லும்!"ன்னுச்சு நீர்க்காகம்.

"வடக்குக் கரை முதலை ராஜா நாளைக்கே 'நான்தான் அனுப்புனேன்'னு சொல்லிக்கிட்டா?"

கரடிக்கு அது சுருக்குன்னு தைச்சுது. "ஆமால்ல! என்ன செய்யலாம்?"

"ஒவ்வொரு வெள்ளரிக்காயிலயும் உங்க பாத முத்திரை! செம்மண்ணை ஆலம்பால்ல குழைச்சு வெச்சிருக்கேன். காஞ்சாப் போதும், கடல் தண்ணியிலகூடப் போகாது!"

"காயணுமா? எவ்வளவு நேரம்?"ன்னு அலறுச்சு நீர்க்காகம்.

"கொஞ்ச நேரம்தான். பேரு இல்லாமப் போனா அது வெறும் வெள்ளரிக்காதானே?"

"அவங்களுக்கு வெறும் வெள்ளரிக்காதான்யா வேணும்!"

யாரு கேட்டா? கரடி ஒவ்வொரு காயா எடுத்து முத்திரை குத்துச்சு. சரியா விழாததை அழிச்சுட்டு மறுபடியும் குத்துச்சு. நூறையும் வெயில்ல பரப்பிக் காய வெச்சாங்க. காயுற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு மயில் ஒரு ஆட்டம் போட்டுச்சு. ஓணான் ராஜாவோட பெருமையை விவரிச்சுது. ராஜா வாழை இலையை ஆட்டி வழியனுப்பணும்னாங்க. முதல்ல கொண்டாந்த இலை கிழிஞ்சிருந்துச்சுன்னு வேற இலை தேடப் போனாங்க.

சூரியன் ஒரு பனை உயரம் வந்துச்சு. ரெண்டு பனை உயரம் வந்துச்சு.

நீர்க்காகம் வானத்தைப் பார்த்துச்சு. கொடியிலருந்து முத்திரை இல்லாத ஒரு வெள்ளரிப் பிஞ்சை அலகுல கவ்விக்கிச்சு. சொல்லாமக் கொள்ளாமப் பறந்துடுச்சு.

தீவுக் கரையில முயலுங்க மொத்தமும் உக்காந்திருந்துச்சுங்க. ஒதுங்க ஒரு செடி இல்ல. தாய் முயல் ஓடி வந்துச்சு.

"மிச்சம் எங்கக்கா?"

"வருது தங்கச்சி. இதை முதல்ல குட்டிங்களுக்குக் குடு."

ஒரு பிஞ்சு, அத்தனை வாய். ஆளுக்கு ஒரு கடிதான். மூணுல கடைசிக் குட்டி சாறு சொட்டுன மணலையும் நக்குச்சு. அப்புறம் தண்ணி ஓரமாப் போய் உக்காந்து கடலையே பார்த்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு அது துள்ளுச்சு. "அம்மா, அதோ ஒரு தலை! அதோ இன்னொண்ணு! ஆமைம்மா!"

நீர்க்காகம் திரும்பிப் பார்த்துச்சு. ஆமைங்க கரை சேர இன்னும் ஒரு கல்லெறி தூரம் இருந்துச்சு. அண்ணாந்து பார்த்துச்சு. சூரியன் உச்சிக்கு வந்துடுச்சு.

"தங்கச்சி, வளைக்கு ஓடு! எல்லாரும் ஓடுங்க!"

"அதான் கண்ணுக்குத் தெரியுதேக்கா! இன்னும் கொஞ்ச நேரம்தானே?"

நீர்க்காகம் பன்னித் தலைவன்கிட்டப் பறந்துச்சு. "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம்! உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்!"

பன்னி எழுந்து நின்னுச்சு. பல்லு பளபளன்னு இருந்துச்சு.

"உச்சி வரைக்கும்னு நீதான் கேட்ட. நான் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன். காப்பாத்தாதது உன் ராஜா!"

அந்தப் பக்கம் குரங்குங்க கல்லைத் தூக்குச்சுங்க.

கல்லு மழை மாதிரி விழுந்துச்சு. கடல்லயும் விழுந்துச்சு. ஆமைங்க முங்கித் தப்பிச்சுதுங்க. நார் அறுந்து வெள்ளரிக்கா எல்லாம் தண்ணியோட போச்சு.

மூணு குட்டியோட கரைக்கு வந்த தாய், ரெண்டு குட்டியோட வளைக்குள்ள ஓடுச்சு. தண்ணி ஓரமா உக்காந்து ஆமைத் தலையை எண்ணிக்கிட்டிருந்த குட்டி எழுந்திரிக்கவே இல்ல.

நீர்க்காகம் திரும்பி வந்தப்ப ஓணான் ஓடி வந்து கேட்டுச்சு. "முத்திரை நல்லாத் தெரிஞ்சுதா?"

நீர்க்காகம் அதைத் தாண்டிப் போச்சு. ராஜாகிட்ட மட்டும் நடந்ததைச் சொல்லுச்சு.

மூணு நாள் கழிச்சு, கடல் அந்த வெள்ளரிக்காயை எல்லாம் காட்டுக் கரைக்கே கொண்டாந்து போட்டுச்சு. அழுகி, ஊறி, நாத்தம் அடிச்சுது. ஆனா நல்லாக் காய வெச்சிருந்தாங்கல்ல, ஒரு முத்திரைகூட அழியல. கரை முழுக்க ராஜாவோட பாதம்.

கரடி ஒண்ணை எடுத்துத் தேய்ச்சுப் பார்த்துச்சு. மணலைப் போட்டுத் தேய்ச்சுது. போகல. அப்படியே உக்காந்துடுச்சு.

"நீர்க்காகமே, இன்னும் ஒரே ஒரு காலை வாங்கிக் குடு. விடியுறதுக்கு முன்னாடியே அனுப்புறேன். முத்திரை வேணாம். ஆட்டம் வேணாம். எதுவும் வேணாம்."

"கேக்குறேன் ராஜா. பன்னி ஒத்துக்கும். குரங்கும் ஒத்துக்கும்."

"அப்புறம் என்ன?"

"நான் கூப்பிட்டா முயலுங்க வளையை விட்டு வெளிய வரணுமே!"

அன்னைக்குத்தான் முதல் தடவையா ஓணானோட தலை ஆடாம நின்னுச்சு.

தவிக்கிறவங்களுக்கு உதவி அனுப்புறப்போ, நம்ம பேரு போய்ச் சேருமான்னு பார்க்கக்கூடாது, உதவி நேரத்துக்குப் போய்ச் சேருமான்னுதான் பார்க்கணும்.