ஜமீன் முற்றத்தில் நெத்திலி

ஒரு ஜமீன்தார் தண்டோரா போட்டார்: “கடலில் சிக்குவதும், கடல் தொட்ட மணலும் மீனவருக்கு. மற்ற மணலெல்லாம் எனக்கு. அதில் கருவாடு காயப்போட்டால் பறிமுதல்!”

மறுநாள் அரண்மனை முற்றம் முழுக்க நெத்திலி காய்ந்தது. நடுவில் உட்கார்ந்து மீனவப் பெண் சூசையம்மா காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள்.

“கடல் எங்கே, என் முற்றம் எங்கே?” என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதித்தார் ஜமீன்தார்.

அவர் முற்றத்தில் புதிதாக வெட்டிய கிணற்றின் மண்மேட்டைச் சூசையம்மா கிளறினாள். ஆழத்து வெள்ளை மணலோடு கிளிஞ்சலும் சங்கும் உருண்டு வந்தன.

“கடல் இங்க வந்துட்டுப் போயிருக்கு, எசமான்.”

“அது எந்தக் காலத்திலோ!”

“எந்தக் காலம்னு தண்டோராவுல சொல்லலையே?”

சூசையம்மா கண்ணைக் காட்ட, புருஷன் மிக்கேல் வலையை வீசினான். ஜமீன்தார் நாற்காலியோடு சிக்கினார். “கடல்ல சிக்குனது எங்களுக்குத்தானே, எசமான்?” என்றாள் அவள். ஜமீன்தார் வலைக்குள் இருந்தபடியே உத்தரவை ரத்து செய்தார்.

சூசையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொடி மீனுய்யா. திரும்பக் கடல்லயே விட்டுரு.”